கருப்புக் கத்தியும் பதினோரு விமர்சகர்களும்

மீன் வெட்டுகிற ஒரு கத்தி வாங்க உலோகவியல், வேதியியல், போதாக்குறைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் படிக்க வேண்டியிருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் பாட்டி காலத்தில் இது ஒரு கேள்வியே கிடையாது. கொல்லப்பட்டறைக்குப் போனால் வெட்டுகத்தி, அரிவாள்மணை, பிச்சாத்தி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். நிறமும் ஒன்றுதான், இரும்பு நிறம். துருப்பிடித்தால் தேய்க்க வேண்டும், மழுங்கினால் தீட்ட வேண்டும். அவ்வளவுதான் மொத்த பாடத்திட்டமும்.

இப்போது கடையில் போய் நின்றால் கத்திப் பெட்டிகளில் டைட்டானியம் கோட்டிங், நானோ கோட்டிங், செராமிக் கோட்டிங், டயமண்ட் கோட்டிங் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. ஒரு பெட்டியில் கிரானைட் கோட்டிங் என்றுகூடப் பார்த்தேன். (கத்தியில் கிரானைட் எதற்கு, அம்மிக்கல்லா அது?) கருப்பு, தங்கம், ரோஸ், பச்சை என்று நிறங்கள் வேறு. எல்லாவற்றிலும் 'துருப்பிடிக்காது' என்ற உறுதிமொழி மட்டும் பொது.

இந்த உறுதிமொழிக்கு எங்கள் மாவட்டத்தில் நல்ல மவுசு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கடற்கரை மட்டும் சுமார் 70 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவமழையும் வரும், வடகிழக்கும் வரும். குளச்சல், முட்டம் பக்கம் வீடு கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஜன்னல் கம்பிக்கு எத்தனை தடவை பெயிண்ட் அடித்தார்கள் என்று கணக்கு சொல்வார்கள். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் போதும். அதில் உப்பும் கலந்துவிட்டால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துருவின் வேகம் பல மடங்கு கூடும். மீன் வெட்டுகிற கத்திக்கோ உப்பு, தண்ணீர், ரத்தம் மூன்றும் நாள் முழுக்க. அதனால் 'துருப்பிடிக்காத பூச்சு' என்று எவன் சொன்னாலும் ஒரு நிமிடம் நின்று கேட்கத்தான் தோன்றும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். என் சித்தி திங்கள்சந்தை பக்கம் மீன் வெட்டிக் கொடுக்கிறாள். மீன் விற்பது வேறு ஆள். வாங்குகிறவர்களுக்குச் செதில் சீவி, துண்டு போட்டுக் கொடுப்பது சித்தி. கிலோ கணக்கில் கூலி. வீட்டுக்காரர்களை விட, தினமும் நெய்மீனும் சூரையும் வாங்கும் ஒரு சாப்பாட்டுக் கடைதான் அவளுக்குப் பெரிய வரும்படி. சித்தியின் மகன், எனக்கு அண்ணன் முறை, வளைகுடாவில் இருக்கிறான். போன தடவை ஊருக்கு வரும்போது அம்மாவுக்கென்று ஒரு கருப்புக் கத்தி கொண்டுவந்தான். நம் ஊர்க் காசுக்குக் கிட்டத்தட்ட 1800 ரூபாய். ஒரு விமர்சகரின் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கியிருந்தான். அவர் அந்தக் கத்தியால் காகிதத்தைக் காற்றிலேயே சீவிக் காட்டியிருந்தார்.

முதல் மூன்று வாரம் கத்தி பிரமாதம். அதற்குப் பிறகு அலகின் ஓரத்தில் கருப்பு கொஞ்சம் கொஞ்சமாக உரிய ஆரம்பித்தது. ஒரு நாள் சாப்பாட்டுக் கடையில் ஒருவருக்குக் குழம்பு மீனில் மிளகு அளவில் கருப்பாக ஏதோ கிடைத்திருக்கிறது. பிளாஸ்டிக் என்று சத்தம் போட்டிருக்கிறார். கடைக்காரர் மறுநாளிலிருந்து மீனை வேறு ஆளிடம் வெட்டக் கொடுத்துவிட்டார். "மக்ளே, நீ காலேஜுல படிக்கேல்லா, இந்தக் கருப்பு என்ன எளவுன்னு பாத்துச் சொல்லு. வெசமா? நான் எத்தன பேருக்கு வெட்டிக் குடுத்திருக்கேன் தெரியுமா?" என்று சித்தி கேட்டபோது அவள் குரலில் வருமானம் போன கவலையை விட இந்தக் கடைசிக் கேள்விதான் அதிகம் இருந்தது.

நான் படிப்பது பி.காம். அடக்க விலைக் கணக்கியலுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று சித்திக்கு விளக்கிப் பயனில்லை. காலேஜ் என்றால் காலேஜ்தான். ஒரு வாரம் உட்கார்ந்து யூடியூபில் கத்தி விமர்சனங்கள் பார்த்தேன். தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மொத்தம் பதினொன்று. ஒருவர், பூச்சு போட்ட கத்தி ஆயுளுக்கும் துருப்பிடிக்காது என்கிறார். அடுத்தவர், பூச்சு என்றாலே விஷம், தூக்கிப் போடுங்கள் என்கிறார். மூன்றாமவர், புதுக் கத்தி வாங்கியதும் நெயில் பாலிஷ் ரிமூவரால் பூச்சைத் துடைத்து எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறார். நாலாமவர், அப்படித் துடைத்தால் கத்தியே போச்சு என்கிறார். பதினொரு பேரும் ஒரே உறுதியோடு பேசுகிறார்கள். எட்டு பேர் வீடியோவுக்கு அடியில் வாங்குவதற்கான லிங்க் இருக்கிறது.

இவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்த எடுப்பில் தோன்றலாம். அப்படி இல்லை. 'பூச்சு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாலைந்து வெவ்வேறு சாமான்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இரண்டாவது வாரம்தான் எனக்கு விளங்கியது.

முதலாவது, வழிப்பூச்சு. கார்பன் எஃகில் செய்த கத்தி தொழிற்சாலையிலிருந்து கடைக்கு வருவதற்குள் துருப்பிடித்துவிடும். அதனால் எண்ணெயோ கிரீஸோ மெல்லிய அரக்கு மாதிரியான வார்னிஷோ தடவி அனுப்புவார்கள். சில ஜப்பானியக் கத்திகளும் சீனத்து வெட்டுகத்திகளும் இப்படித்தான் வரும். நம் ஊர் இரும்புக் கடையில் மண்வெட்டி மேல் இருக்கிற கருப்புச் சாயமும் இதே ஜாதிதான். இது பயணத்துக்கான சட்டை. வேலை ஆரம்பித்ததும் கழற்ற வேண்டியது. துடைத்து எடுங்கள் என்று சொன்ன விமர்சகர் இதைப் பற்றிப் பேசினார், அவர் சொன்னது சரி. அதே ஆலோசனையைத் தங்க நிறக் கத்தி வைத்திருப்பவர் கேட்டு நடந்தால் ஒரு பாட்டில் ரிமூவர் தண்டம்.

இரண்டாவது, பெயிண்ட் வகை. கலர் கலராக வரும் சமையலறைக் கத்திகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். சிலவற்றில் நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கிற அதே டெஃப்லான் குடும்பம். 1938-ல் ராய் பிளங்கட் என்ற அமெரிக்க வேதியியலாளர் குளிர்சாதன வாயுவை ஆராயப்போய்த் தற்செயலாகக் கண்டுபிடித்தது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் அலகில் ஒட்டாமல் விழும் என்பதுதான் இதன் உண்மையான பயன். துருவுக்கும் ஓரளவு தடுப்பு, ஆனால் பூச்சு முழுசாக இருக்கிற வரைக்கும்தான். ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டால் உப்புத் தண்ணீர் அந்த வழியாக அடியில் புகுந்து, வெளியே தெரியாமல் துரு படரும். சித்தியின் கத்தியில் நகத்தால் சுரண்டினாலே கருப்பு வந்தது. பெட்டியில் 'டைட்டானியம் பிளாக் நான்ஸ்டிக்' என்று எழுதியிருந்தது. உண்மையான டைட்டானியம் பூச்சு நகத்துக்கு வராது.

அது மூன்றாவது வகை. டைட்டானியம் நைட்ரைடு, தங்க நிறத்தில் இருக்கும். இரும்புக் கடையில் துளை போடும் டிரில் பிட்டுகளில் பார்த்திருப்பீர்கள். வெற்றிட அறைக்குள் ஆவியாக்கிப் படிய வைப்பது. கனம் ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான்தான் (நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான்), ஆனால் கடினம் கத்தி எஃகைப் போல மூன்று மடங்குக்கு மேல். உரியாது. விலையும் அதற்கேற்ப இருக்கும், 300 ரூபாய்க் கத்தியில் இதை எதிர்பார்க்க முடியாது.

டைட்டானியம் என்றதும் ஒரு கொசுறு. அதன் தாது எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதே மணலில் இல்மனைட்டும் உண்டு, அதுதான் டைட்டானியத்தின் தாது. மத்திய அரசின் அருமணல் ஆலை அங்கே இருக்கிறது. உலகத்தில் தோண்டி எடுக்கிற டைட்டானியத் தாதுவில் பெரும்பகுதி எதற்குப் போகிறது தெரியுமா? வெள்ளை பெயிண்டுக்கான நிறமிக்கு! ஆகவே பெட்டியில் 'டைட்டானியம்' என்று போட்டிருந்தால் அது ராக்கெட் உலோகமாகவும் இருக்கலாம், சுவருக்கு அடிக்கிற சாயமாகவும் இருக்கலாம். சொல் பொய்யில்லை, அர்த்தம்தான் வேறு.

நாலாவது, இரும்பின் மேற்பரப்பையே ரசாயனத்தில் கருப்பாக்குவது. துப்பாக்கிக் குழலில் இருக்கும் நீலக்கருப்பு இந்த இனம். இது மிக மெல்லியது, எண்ணெய் தடவினால்தான் பிழைக்கும். வாழைப்பூ அரிந்த அரிவாள்மணை கருப்பாவதைப் பாட்டிமார் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வாழையிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து அந்தக் கருப்பு வருகிறது. பழைய காலத்து எழுதும் மையும் இதே வேதியியலில்தான் செய்யப்பட்டது. அந்தக் கருப்பு படிந்த இரும்பு, பளபளவென்று தேய்த்த இரும்பை விடச் சற்று மெதுவாகத் துருப்பிடிக்கும். புளியும் சாம்பலும் போட்டு அதைத் தினமும் தேய்த்து எடுத்த என் பாட்டிக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

ஐந்தாவது ஒன்று உண்டு. அதற்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. எவர்சில்வர்! எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்தால், காற்றுப் பட்டதும் அதன் மேல் குரோமியம் ஆக்சைடு தானாகவே ஒரு தோல் மாதிரி படிகிறது. கனம் சில நானோமீட்டர்தான். கீறினால் மறுபடியும் தானே வளரும். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல் அரிக்காமல் இருக்க ஒரு எஃகைத் தேடியபோது இந்தக் கலவையைச் செய்தார். ஊர்க் கத்திக்காரர்கள், தீட்ட வராத இது வெட்டாத கத்தி என்று கேலி செய்தார்களாம். நூறு வருஷத்துக்கு மேலாக உலகத்துச் சமையலறை முழுக்க அதுதான் வெட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கும் எல்லை உண்டு. உப்பு அந்தத் தோலைக் குத்தித் துளைக்கும், ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்தால் எவர்சில்வரிலும் ஊசிமுனைப் பள்ளங்கள் விழும். கழுவித் துடைத்து வைத்தால் பெரும்பாலும் வராது.

இங்கே நம்மவர்களின் ஒரு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். காந்தம் ஒட்டாததுதான் நல்ல சில்வர் என்று பாத்திரக்கடையில் காந்தத்தோடு நிற்பார்கள். குடத்துக்கும் சம்புடத்துக்கும் அது ஓரளவு சரி, அவை 304 என்ற வகை. ஆனால் 304 எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது, அதில் நல்ல முனை நிற்காது. கத்திக்கு வேண்டியது 420, 440 போன்ற, சூடாக்கிக் கடினமாக்கக்கூடிய வகை. அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும். அதாவது கத்திக் கடையில் காந்தப் பரீட்சை தலைகீழ். 'உணவுத் தரம் 304' என்று ஒரு விமர்சகர் ஒரு கத்தியைப் புகழ்ந்து தள்ளினார். அதை அவர் குறையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் மிக எளிமையான விஷயம் கண்ணில் பட்டது. இத்தனை பூச்சும் கத்தியின் பக்கவாட்டில்தான் இருக்கிறது. வெட்டுகிற முனையில் எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. தொழிற்சாலையில் பூச்சு போட்ட பிறகு முனையைச் சாணை பிடிப்பதுதான் வழக்கம். அப்படியே முனையிலும் பூச்சு இருந்தாலும் முதல் தடவை கல்லில் தீட்டும்போதே போய்விடும். வீட்டில் மாதம் ஒரு தடவை தீட்டினால் அதிகம். சித்தி தினமும் காலையில் தீட்டுகிறாள், சூரை வெட்டுகிற நாளில் இரண்டு தடவை. ஒவ்வொரு தீட்டலிலும் கல் கொஞ்சம் பக்கவாட்டிலும் படும், பூச்சின் ஓரம் பெயரும், பெயர்ந்தது மீனில் விழும். அந்தக் கத்தியில் தயாரிப்புக் குறை எதுவும் இல்லாமல்கூட இருக்கலாம். தினமும் தீட்ட வேண்டிய தொழிலுக்கு உரிகிற பூச்சு போட்ட கத்தி பொருந்தவே பொருந்தாது, அவ்வளவுதான்.

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் கத்தியும் ஓயாமல் கல்லைப் பார்க்கிற கத்தி. பட்டையைச் சீவும்போது உள்ளே இருக்கும் தளிர்த்தோலில் காயம் படாமல் மில்லிமீட்டர் கணக்கில் சீவ வேண்டும். மழுங்கிய கத்தி மரத்தைக் கெடுத்துவிடும். அந்தக் கத்திக்கு ரோஸ் கலர் பூச்சு அடித்து யாரும் விற்பதில்லை, விற்றாலும் வாங்க ஆள் இருக்காது.

பூச்சு என்று சொல்ல முடியாத, ஆனால் அதே வேலையைச் செய்கிற ஒன்றும் இருக்கிறது. அலகில் அலை அலையாகக் கோலம் போட்ட 'டமாஸ்கஸ்' கத்திகள். மலிவானவற்றில் அந்தக் கோலம் லேசரால் மேலே வரைந்தது. பழைய டமாஸ்கஸ் வாள்களின் கோலம் எஃகின் உள்ளேயே இருந்தது. அதற்கான எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை. மைக்கேல் ஃபாரடேயே 1820 வாக்கில் அந்த எஃகின் ரகசியத்தைத் தேடி லண்டனில் சோதனை செய்துகொண்டிருந்தார். ஈரோடு பக்கம் கொடுமணலில் எஃகு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. நம் ஊர்ச் சரக்கின் படத்தை வெளியூரான் அச்சடித்து நமக்கே விற்கிறான். கோபப்படுவதா சிரிப்பதா தெரியவில்லை.

சித்தியின் முதல் கேள்விக்கு வருகிறேன். விஷமா? அந்தப் பூச்சு டெஃப்லான் குடும்பம் என்றால், ஒரு துணுக்கை விழுங்கினாலும் உடம்பு அதை உறிஞ்சாது, அப்படியே வெளியேறிவிடும் என்பதுதான் உணவுப் பாதுகாப்பு அமைப்புகளின் நிலை. டெஃப்லான் சிதைந்து புகைவது 260 டிகிரிக்கு மேல் சூடாகும்போது. கத்தியை யாரும் அடுப்பில் வைப்பதில்லை. பயப்பட வேண்டியதாக இருந்தது அதைத் தயாரிக்க முன்பு பயன்படுத்திய பிஎஃப்ஓஏ என்ற ரசாயனம். அதை 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் சித்தியின் கத்தியில் இருப்பது எந்தப் பூச்சு என்று பெட்டியில் எழுதவில்லை. விற்ற கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

இந்த இடத்தில்தான் என் பி.காம் கொஞ்சம் உதவியது. மார்க்கெட்டிங் வகுப்பில் பொருட்களை மூன்றாகப் பிரிப்பார்கள். வாங்கும் முன்னே பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியது, வாங்கிப் பயன்படுத்தினால் தெரிவது என்ற முதல் இரண்டையும் 1970-ல் பிலிப் நெல்சன் எழுதினார். பயன்படுத்திய பிறகும் சாதாரண ஆளுக்குத் தெரியாதது என்ற மூன்றாவதை 1973-ல் டார்பியும் கார்னியும் சேர்த்தார்கள். கத்தியின் நிறம் முதல் வகை, கூர்மை இரண்டாவது. பூச்சு என்ன, எஃகு என்ன என்பது மூன்றாவது. விமர்சகர் நமக்குத் தேவைப்படுவது இந்த மூன்றாவதுக்குத்தான். ஆனால் அவர் சோதித்துக் காட்டுவதோ காகிதம் வெட்டி, தக்காளி சீவி, முதல் இரண்டை மட்டும். முதல் நாளில் எல்லாக் கத்தியும் காகிதத்தை வெட்டும். பதினொரு பேரில் ஒரே ஒருவர்தான் ஆறு மாதம் கழித்து அதே கத்தியைத் திரும்பக் காட்டினார். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள்தான் இருப்பதிலேயே குறைவு.

அதே 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், அந்த வழியில் 2001-ல் நோபலும் வாங்கினார். வாங்குபவனுக்கு நல்லதும் கெட்டதும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நல்ல காருக்கும் கெட்ட கார் விலைதான் கொடுப்பான், நல்ல கார் வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான் என்பது சாரம். எங்கள் பக்கத்துக் கொல்லப்பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடியதற்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் சும்மா இல்லை. 2021-ல் விளம்பரத் தரக் கவுன்சில், காசு வாங்கிப் பேசினால் அதைச் சொல்ல வேண்டும் என்று இன்ஃப்ளூயன்சர்களுக்கு விதி போட்டது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொய் விளம்பரத்துக்குத் துணைபோகிறவருக்கும் 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஆனால் சொன்னதைச் சரிபார்க்கத் தக்க கவனம் எடுத்திருந்தால் அபராதம் இல்லை என்று அதே பிரிவில் இருக்கிறது. காகிதம் வெட்டிப் பார்த்தது தக்க கவனமா? இணைய விமர்சனங்களுக்கென்று 2022 நவம்பரில் இந்தியத் தரநிலை 19000 வேறு வந்தது. வந்தபோது அது கட்டாயம் இல்லை. இதில் எதுவும் ஒரு மனிதன் உலோகம் தெரியாமல் உளறுவதைத் தடுக்காது. இலவசமாகக் கத்தி வாங்கியதை ஒத்துக்கொண்டுவிட்டும் உளறலாம்!

ஒழுங்காகச் சோதிப்பது எப்படி என்று உலகத்துக்குத் தெரியாமலும் இல்லை. கத்திக்கென்றே ஐஎஸ்ஓ 8442 என்று ஒரு தரநிலை இருக்கிறது. மணல்துகள் கலந்த அட்டையை இயந்திரம் ஒரே அழுத்தத்தில் திரும்பத் திரும்ப வெட்டவைத்து, முனை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அளக்கிறார்கள். அமெரிக்காவில் 1936-லிருந்து ஒரு நுகர்வோர் சங்கம் விளம்பரம் வாங்காமல், சொந்தக் காசில் கடையில் பொருள் வாங்கிச் சோதித்து எழுதுகிறது. செலவு பிடிக்கிற வேலை. ஒரு பத்து நிமிட வீடியோவில் அது கட்டுப்படியாகாது என்பதையும் கணக்குப் படிக்கிறவனாக ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியில் சித்தியையும் கத்தியையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊரில் மீதமிருக்கும் ஒரே கொல்லப்பட்டறைக்குப் போனேன். ஆசாரி பாட்டாவுக்கு எழுபது வயசுக்கு மேல். கத்தியை வாங்கிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், அலகைச் சுண்டிச் சத்தம் கேட்டார். "இரும்பு மோசமில்ல. இந்தச் சாயத்த உரிச்சுப் போட்டா நல்லாத்தான் வெட்டும்" என்றார். நான் பதினொரு வீடியோவில் கேட்காத வாக்கியம் அது. அவர் சொன்னது எல்லாவற்றையும் நம்பிவிட வேண்டாம். அமாவாசை அன்று தோய்த்த இரும்பு மழுங்காது என்றும் சேர்த்துச் சொன்னார். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர் விற்ற கத்தி மூன்று மாதத்தில் தீட்டுவதற்கு அவர் கைக்கே திரும்பி வரும். கொண்டு வருகிறவள் சித்தி மாதிரி ஒருத்தியாக இருந்தால், திட்டும் கூடவே வரும்.

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் தானே ஒரு கத்தி அடித்துத் தரலாம் என்றார் பாட்டா. அது நல்ல எஃகு, கார்பன் கிட்டத்தட்ட 0.6 சதவீதம் இருக்கும், முனை அருமையாக நிற்கும். சித்தி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "அத ராத்திரி எண்ண போட்டு வைக்க ஆருக்கு நேரம் கெடக்கு பாட்டா? காலத்த எந்திரிச்சுப் பாத்தா செவந்து போய் கெடக்கும்." அவள் சொன்னதும் நியாயம்தான். பாரம்பரியம் என்பதற்காகத் துருவைச் சுமக்க முடியாது. முள்ளும் தலையும் வெட்ட மட்டும் கனமான வெட்டுகத்தி ஒன்று அவரிடம் சொல்லி வைத்தாள். துண்டு போடுவதற்கு இரும்புக் கடையில் பூச்சு எதுவும் இல்லாத, காந்தம் ஒட்டுகிற, மரப்பிடி போட்ட சாதாரண எவர்சில்வர் கத்தி 280 ரூபாய்க்கு வாங்கினோம். கருப்புக் கத்தியின் சாயத்தைப் பாட்டா முழுசாகச் சாணையில் எடுத்துக் கொடுத்தார். கூலி 60 ரூபாய். அது இப்போது வீட்டில் காய் வெட்டுகிறது. சாப்பாட்டுக் கடைக்காரர் ஒன்றரை மாதம் கழித்து வந்தார், முதலில் இரண்டு கிலோ மட்டும் வெட்டக் கொடுத்தார், நின்று பார்த்துக்கொண்டே. இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை.

எனக்கு ஒரு ஆர்வம் மட்டும் பாக்கி இருந்தது. அண்ணன் நம்பி வாங்கிய அந்த வீடியோக்காரருக்கு, பெயர் எதற்கு, ஒரு செய்தி அனுப்பினேன். திட்டவில்லை. நீங்கள் அன்றைக்குக் காட்டிய அந்தக் கருப்புக் கத்தி இப்போது எப்படி இருக்கிறது, ஒரு படம் அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டேன். நல்ல மனுஷன், இரண்டே நாளில் பதில் போட்டார். "அது இப்ப என்கிட்ட இல்ல ப்ரோ. வீடியோ முடிஞ்ச அன்னைக்கே கேமரா பிடிச்ச பையனுக்குக் குடுத்துட்டேன்."